நாத்தங்குடிச்சான் பூசிய அறை

இறால் பண்ணை வந்த கொஞ்ச காலத்திலேயே தென்கழிமேட்டுக்காரர்களுக்கு மூக்கு மரத்துப்போய்விட்டது, எங்கள் தெரு நாறுகிறது என்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது, தையல்நாயகி கலியாணமாகி வந்து இறங்கிய அன்று வேனிலிருந்து ஒரு காலை வெளியே வைத்தவள் அந்தக் காலைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டு, பட்டுப்புடவை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இங்கயா?" என்று கேட்டபோதுதான் எங்களுக்கு அது ஞாபகம் வந்தது. தெருவே சிரித்தது. சிரிக்காதவன் மாப்பிள்ளை கலைக்கோவன் ஒருவன்தான்.

கலைக்கோவனைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவன் எந்தப் பக்கமும் சாயாத ஆள். வாய்க்கால் தகராறு வந்தபோது கீழத்தெருவும் அவனிடம் நியாயம் சொன்னது, மேலத்தெருவும் சொன்னது, இரண்டு தெருவுக்கும் "ஆமாங்க, அதுவும் சரிதாங்க" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டான். தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்காரர்களும் அவன் ஓட்டு தங்களுக்குத்தான் என்று நிம்மதியாகத் தூங்கினார்கள். அப்பா அம்மா போன பிறகு அவனை வளர்த்த அக்கா அஞ்சம்மாள் மீன்குழம்பு என்றால் மீன்குழம்பு, கீரை என்றால் கீரை. அவனை நல்லவன் என்றும் சொல்லலாம், வழவழா என்றும் சொல்லலாம், நாங்கள் இரண்டையும் சொல்லிவந்தோம். ஆனால் புதுப்பெண் மூக்கைப் பொத்தியதைப் பார்த்ததும் அவனுக்கு அன்றைக்கே ஏதாவது செய்தாக வேண்டும் என்று தோன்றிவிட்டது.

அவனுக்குப் பண்ணையில் இரவு வேலை. குளத்தடிச் சேற்றில் ஏறும் நாற்றத்தை இழுப்பதற்காக அங்கே மூட்டை மூட்டையாக ஒரு வெள்ளை மாவு இறைப்பார்கள், மூட்டைமேல் ஜியோலைட் என்று எழுதியிருக்கும், எங்கள் ஊரில் அதற்கு நாத்தங்குடிச்சான் என்று பெயர். அரைத்த கல்தான் அது. ஆனால் அந்தக் கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத அறைகளும், அறைக்கு அறை வாசலும், வாசலுக்கு வாசல் நடையுமாக ஒரு பெரிய ஊரே இருக்கிறதாம், நாற்றம் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு வெளியே வருவதில்லையாம். கலைக்கோவன் மீந்துபோன மூட்டைகளைக் கேட்டு வாங்கிவந்தான், சுண்ணாம்போடு கலந்தான், நல்ல தண்ணீர் எங்கள் ஊரில் அருமை என்பதால் உப்புக் கரிக்கும் கழித்தண்ணீரை ஊற்றிக் குழைத்தான், வீட்டுப் பின்பக்கம் ஒரு கட்டிலும் இரண்டு ஆளும் மட்டும் கொள்கிற மாதிரி தடுத்து வைத்திருந்த சின்ன அறையின் நாலு சுவரிலும் கனமாகப் பூசினான். காய்ந்த பிறகு உள்ளே போய் மூச்சை இழுத்தால் ஒன்றுமே இல்லை. தெருவில் உள்ளவர்கள் ஒவ்வொருவராக வந்து அந்த ஒன்றுமில்லாததை மோந்து பார்த்துவிட்டுப் போனார்கள், கொஞ்சம் பொறாமையோடுதான்.

தையலுக்கு எங்கள் ஊர் பிடித்துப்போனது, எங்களுக்கும் அவளைப் பிடித்துப்போனது, நடுவில் ஒரே ஒரு முள். அவளுக்கு எல்லாமே இடது கை. விருந்துச் சாப்பாட்டில் முதல் நாள் அவள் கரண்டியைப் பீச்சாங்கையால் தூக்கியபோது அஞ்சம்மாள் ஓடிவந்து, "சோத்தாங்கையால போடும்மா, நாலு பேரு பாக்குறாங்க" என்று காதோடு சொன்னாள், அவளும் கை மாற்றினாள், ரசம் மூன்று பேர் மடியில் விழுந்தது. அதன் பிறகு பந்தியில் அவள் முழங்கை யாரையும் இடிக்காமல் இருக்க வரிசையின் கடைசியில் அவளைத் தனியாக உட்காரவைத்தோம். அவள் முகம் கோணவில்லை, ஆனால் சீக்கிரம் சாப்பிட்டு எழுந்துவிடுவாள்.

அது ஆவணி மாதம், ஞாயிற்றுக்கிழமை, உச்சி வெயில். இரவெல்லாம் குளக்கரையில் நின்றுவிட்டு வந்த கலைக்கோவன் அந்த அறையில் தூங்கிக்கொண்டிருந்தான், தையல் அவனை ஒட்டி உட்கார்ந்து ஒரு கையில் வாரப் பத்திரிகையை வைத்துக்கொண்டு இன்னொரு கையால், அதாவது இடது கையால், அவன் தலையைக் கோதிக்கொண்டிருந்தாள், வெளிச்சத்துக்காகக் கூரையில் பதித்திருந்த ஒற்றைக் கண்ணாடி ஓட்டின் வழியாக வெயில் நேராக இறங்கி அவன்மேல் விழுந்தது, வெள்ளைச் சுவர்கள் அதை வாங்கி வாங்கி அவன்மேலேயே திருப்பிக் கொடுத்தன, அவன் தூக்கத்தில் ஒரு தடவை புரண்டு படுத்தான். அவ்வளவுதான் நடந்தது. எழுந்தபோது அவனுடைய இடம் வலமாகவும் வலம் இடமாகவும் ஆகியிருந்தது.

முதலில் கண்டுபிடித்தவர் டீக்கடை சம்சுதீன் பாய்.

"என்னா கோவா, மச்சம் அந்தக் கன்னத்துலல்ல இருந்துச்சு?"

"இருந்துச்சா பாய்?"

"இருந்துச்சு. நான் தினம் பாக்குற மூஞ்சி."

"அப்ப மாறியிருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கலைக்கோவன் டீ கிளாசை இடது கையால் வாங்கிக்கொண்டான்.

பிறகு ஒவ்வொன்றாகத் தெரியவந்தது. திருவிழாவில் வலது முன்கையில் பச்சை குத்திக்கொண்ட "தையல்" என்ற பெயர் இடது கைக்குப் போயிருந்தது, எழுத்துகள் முகம் திரும்பி நின்றன, சலூன் கண்ணாடியில் காட்டினால்தான் வாசிக்க முடிந்தது. நர்சம்மா வந்து இடப்பக்கம் கருவியை வைத்துக் கேட்டாள், சத்தமில்லை, வலப்பக்கம் வைத்தாள், அங்கே நன்றாக அடித்துக்கொண்டிருந்தது, "எங்க இருந்தா என்ன, அடிக்குதுல்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு ஊசி போடப் போய்விட்டாள். எந்தப் பக்கமும் சாயாதவன் கடைசியில் பொண்டாட்டி பக்கம் சாய்ந்துவிட்டான் என்று தெரு முழுக்கப் பேச்சு, அவனைக் கண்டால் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், அவனும் சிரித்தான், அது அவனுக்குச் சிரமமான காரியமில்லை.

மாரியம்மன் கோவிலில் அவன் எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்று ஒரு கேள்வி எழுந்தது. பூசாரி, "அவனுக்கு எது வலமோ அதுல சுத்தட்டும், ஆத்தாளுக்குத் தெரியாததா" என்று சொல்லிவிட்டார், அதனால் வெள்ளிக்கிழமைகளில் கருவறைக்குப் பின்னால் எதிரே வருகிறவர்கள்மீதெல்லாம் அவன் முட்டிக்கொண்டான், திருப்பத்துக்கு முன்னால் "கோவன் வர்றான்" என்று யாராவது குரல் கொடுப்பது அப்படியே வழக்கமாகிவிட்டது. இடது கையால் அவன் நீட்டும் வெற்றிலையை வாங்க முதலில் தயங்கியவர்களும், அவனுக்கு அதுதானே சோத்தாங்கை என்று தங்களுக்குத் தாங்களே சொல்லி வாங்கிக்கொண்டார்கள். பந்தியில் அவன் முழங்கையும் இப்போது இடித்தது, ஆகவே அவனையும் வரிசைக் கடைசியில், தையலுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தோம். அன்று தையல் நிதானமாக, இரண்டாவது தடவை மோர் வாங்கிச் சாப்பிட்டாள். அந்தப் பெண்ணை இத்தனை நாள் தனியாக உட்காரவைத்தோமே என்று எங்களில் சிலருக்கு அப்போதுதான் உறைத்தது.

தையலுக்கு மட்டும் இதில் ஒரு விளக்கம் இருந்தது. அவள் வேதியியல் படித்தவள், பண்ணையில் தண்ணீர் சோதிக்கும் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். நாங்கள் கேட்டோமோ இல்லையோ, அஞ்சம்மாள் கேட்டாள்.

"பொருளுக்குள்ளயும் கை இருக்கு அண்ணி" என்றாள் தையல். "சிலது இடக்கை, சிலது வலக்கை. பாக்க ஒரே மாதிரி இருக்கும், ஆனா எடது கால் செருப்ப வலது கால்ல மாட்ட முடியாது பாருங்க, அது மாதிரி பொருந்தாது. வெயிலுக்கு எடம் வலம் தெரியாது. வெட்டவெளியில வெயில் பட்டு ஒரு பொருள் திரும்புச்சுன்னா பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம்னுதான் திரும்பும். அதையே இந்தக் கல்லுக்குள்ள இருக்குற சின்ன அறையில அடைச்சு, ஏற்கனவே கை உள்ள ஒண்ண ஒட்டித் துணைக்கு வெச்சு வெயில் காட்டினா, துணை எந்தப் பக்கமோ அந்தப் பக்கமாத் திரும்பிடும். நாங்க காலேஜ்ல செஞ்சு பாத்திருக்கோம்."

"மனுசனுக்கா?"

"இல்ல அண்ணி, மருந்துக்கு."

"எந்தப் பக்கமும் சாயாதவன்னா மனுசனா இருந்தா என்ன, மருந்தா இருந்தா என்ன" என்று அஞ்சம்மாள் பெருமூச்சு விட்டாள், அதோடு விளக்கம் முடிந்தது.

முடியாதது பசி. கலைக்கோவன் சாப்பிட்டான், சாப்பிட்டான், உடம்பில் ஒட்டவில்லை. சோறும் குழம்பும் மீனும் வாழைப்பழமும் வந்த வழியே போயின, கன்னம் உள்ளே போயிற்று, லுங்கியை இரண்டு தடவை மடித்துக் கட்டினான். அவன் உள்ளே எல்லாம் இடக்கையாக இருக்கும்போது வெளியே விளைகிற சோறெல்லாம் வலக்கையாக இருக்கிறது, கைக்குக் கை சேரவில்லை என்று தையல்தான் கண்டுபிடித்தாள். அவனைத் திருப்பிய அறையே அவன் சோற்றையும் திருப்பும் என்று நினைத்தாள். மத்தியான வெயிலில் கண்ணாடி ஓட்டுக்குக் கீழே அவனை உட்காரவைத்து, மடியில் சோற்றுச் சட்டியை வைத்து, இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். வெயில் சட்டிக்குள் இறங்கியது. அன்று சாப்பிட்ட பிறகு முதல் தடவையாக ஏப்பம் விட்டான். அந்த ஏப்பத்தைக் கேட்டு அஞ்சம்மாள் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள்.

பிறகென்ன, தெரு முறை போட்டுக்கொண்டது. ஒரு நாள் ஒரு வீட்டுச் சமையல். மத்தியானமானால் மூடிய சட்டிகளோடு பெண்கள் அந்த அறை வாசலில் நின்றார்கள், கலைக்கோவன் ஒவ்வொரு சட்டியாக மடியில் வாங்கித் திருப்பினான். திரும்பிய புதினாத் துவையல் எங்களுக்குச் சதகுப்பை மணம் மணந்தது, பிள்ளை பெற்ற வீட்டு மணம் தெருவெல்லாம் சுற்றியது, அவனோ அதை மோந்து பார்த்து "புதினாதான், அருமையா இருக்கு" என்றான். திரும்பிய பாயசம் நாக்குக்குத் தித்தித்தது, உடம்புக்குள் போனால் சர்க்கரை ஏறவில்லை, இது எப்படியோ வெளியே தெரிந்துபோய் அக்கம்பக்கத்துச் சர்க்கரை வியாதிக்காரர்கள் எல்லாம் டம்ளரோடு வந்துவிட்டார்கள், சம்சுதீன் பாய் பல வருடத்துக்குப் பிறகு பாயசம் குடித்து, கண்ணை மூடி, யா அல்லாஹ் என்றார். அந்தப் புரட்டாசி மாதம் எங்கள் தெரு சந்தோசமாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஒருவனுக்குச் சோறு போடுவதே தெருவுக்கு வேலை, அதைப் போல ஒற்றுமைக்கு வழி வேறு கிடையாது.

ஐப்பசி பிறந்தது, வெயில் போனது. எங்கள் பக்கத்து அடைமழையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வானம் சாம்பல் நிறத்தில் ஒரு தடவை மூடினால் சூரியன் என்று ஒன்று இருந்ததே மறந்துவிடும். கண்ணாடி ஓட்டில் மழைத்தண்ணீர் ஓடியது, சட்டிகள் திரும்பவில்லை, எப்போதாவது மேகம் விலகினால் ஒரு கிண்ணம் கஞ்சி திரும்பியது. தையல் பண்ணையிலிருந்து இறால் குஞ்சுகளுக்குக் காட்டும் விளக்கெல்லாம் கொண்டுவந்து எரித்துப் பார்த்தாள், அது பலிக்கவில்லை. கலைக்கோவன் கட்டிலோடு கட்டிலானான். மழைக்காலம் முடிவதற்குள் இவன் முடிந்துவிடுவான் என்று எல்லோருக்கும் தெரிந்தது, யாரும் வாயால் சொல்லவில்லை.

அஞ்சம்மாள்தான் ஒரு நாள் தையலைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவள் கெட்டவள் இல்லை, பயந்துபோயிருந்தாள்.

"நீ சொன்ன கணக்குத்தான்மா. துணை எந்தப் பக்கமோ அந்தப் பக்கந்தானே? நீ பக்கத்துல இருக்குற மட்டும் அவன் உன் பக்கமே நிப்பான். கொஞ்ச நாளு உங்கம்மா வீட்டுக்குப் போயி இரு. நான் உள்ள உக்காருறேன். எனக்கு சோத்தாங்கை."

தையல் கட்டிலைப் பார்த்தாள். "என்னங்க, நான் போகணுமா?"

"அக்கா சொல்றதும் சரிதான்" என்றான் கலைக்கோவன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "உனக்கு வேணாம்னா வேணாம்" என்றான்.

அந்த இரண்டாவது பேச்சுதான் அவளைச் சுட்டது. பையில் இரண்டு புடவையை வைத்துக்கொண்டு மன்னார்குடி பஸ் ஏறிவிட்டாள்.

மேகம் விலகிய மத்தியானங்களில் அஞ்சம்மாள் உள்ளே உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்பது பெயருக்குத்தான், பிறந்ததிலிருந்து சும்மா உட்கார்ந்து பழக்கமில்லாத பெண்பிள்ளை, மூலையில் ஒட்டடை தெரிந்தால் எழுந்தாள், வெளியே ஆடு கத்தினால் எழுந்தாள், தம்பி முகத்தைப் பார்த்தால் அழுகை வந்து எழுந்தாள், வளர்ந்த தம்பியை ஒட்டி உட்காரக் கூச்சப்பட்டுக் கதவோரமாகவே இருந்தாள். ஒன்றும் திரும்பவில்லை. பிறகு பலம் சேர்க்கலாம் என்று தெருவில் சோத்தாங்கை உள்ள அத்தனை பேரும் அந்தச் சின்ன அறைக்குள் அடைந்துகொண்டோம், எங்கள் ஊரில் எதையும் தனியாகச் செய்து பழக்கமில்லை, எங்கள் தலைகள் மறைத்ததில் அவன்மேல் ஒரு துளி வெயில்கூட விழவில்லை.

யாரும் கூப்பிடாமல் தையல் திரும்பிவந்தாள். நனைந்த பையோடு வாசலில் நின்றவளை அஞ்சம்மாள் உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை, துண்டை எடுத்து அவள் தலையைத் துவட்டிவிட்டாள்.

"அண்ணி, என் கையக் கட்டிடுங்க" என்றாள் தையல். "நான் சோத்தாங்கைக்காரியா மாறிக்கிறேன். மாறிட்டு அவர் பக்கத்துல உக்காருறேன்."

அஞ்சம்மாள் பழைய புடவைக் கரையைக் கிழித்து அவள் இடது கையை இடுப்போடு சேர்த்துக் கட்டினாள். தையல் வலது கையால் சாப்பிட்டாள், வலது கையால் கோலம் போட்டாள், புள்ளிகள் மழைக்குப் பயந்து ஓடிய மாதிரி கோணிக்கொண்டு போயின, வலது கையால் புருசன் வாயில் கஞ்சி ஊட்டினாள், பாதி தலையணைக்குப் போனது. வெயில் வந்த அன்று உள்ளே போய் அவனை ஒட்டி உட்கார்ந்து வலது கையை அவன் தலையில் வைத்தாள். வெயில் வந்தது, போனது, அவன் அப்படியே இருந்தான்.

கட்டை அவிழ்த்தபோது அஞ்சம்மாள் அவள் மணிக்கட்டைப் பார்த்தாள். தோல் கன்றிச் சிவந்து வரிவரியாக இருந்தது.

"இவ்ளோ இறுக்கியா கட்டினேன்? சொல்லக் கூடாதா?"

"பழக்கந்தான் அண்ணி. ஒண்ணாங் கிளாசுலயும் கட்டினாங்க. ரிப்பன்ல."

அஞ்சம்மாள் தேங்காய் எண்ணெயை எடுத்துவந்து தடவினாள். தடவிக்கொண்டே, வேறு எதைப் பேசுவது என்று தெரியாமல், "சொவரெல்லாம் பூத்துப்போயி உப்பு உப்பாத் தள்ளுது, கழித்தண்ணியில கொழச்சா அப்படித்தான், அவனுக்கு அன்னைக்கே சொன்னேன்" என்றாள்.

தையல் கையை இழுத்துக்கொண்டு எழுந்தாள்.

"உப்பு" என்றாள். "அண்ணி, நான் ஒரு மடச்சி. உப்பு."

கல்லுக்குள் இருக்கும் அந்தச் சின்ன அறைகள் ஒரு நாளும் காலியாக இருப்பதில்லை, ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒரு உப்பு குடியிருக்கிறது, அந்த உப்பை மாற்றினால் அதே துணை, அதே வெயில், ஆனால் பொருள் மறுபக்கம் திரும்புகிறது, காலேஜில் அவள் வாத்தியார் அதைக் காட்டியபோது அவள் நம்பாமல் மறுபடி செய்துபார்த்தாளாம். இந்தச் சுவரில் இருப்பது கடல் உப்பு. இதைக் கழுவி வெளியே தள்ளிவிட்டுச் சாம்பல் உப்பை உள்ளே ஏற்ற வேண்டும், வாழைச் சாம்பல் என்றால் ரொம்ப நல்லது.

"அப்ப உன் கைய ஒண்ணும் பண்ண வேணாமா?" என்று கேட்டாள் அஞ்சம்மாள்.

"வேணாம் அண்ணி. சொவரத்தான்."

அஞ்சம்மாள் அரிவாளை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். உப்புப் பூமியில் அவள் நல்ல தண்ணீர் சுமந்து ஊற்றி வளர்த்த வாழைகள் அவை, ஒன்றில் தார் தள்ளியிருந்தது, தெருவில் யாராவது ஒரு இலை கேட்டால்கூட முகத்தைச் சுளிப்பாள். எல்லாவற்றையும் வெட்டினாள். ஈரத்தண்டைக் கீறி அடுப்பைச் சுற்றி அடுக்கி உலர்த்தினாள், சருகை எரித்தாள். நாங்களும் அவரவர் வீட்டில் சாம்பல் தேடினோம், எல்லா வீட்டிலும் கேஸ் அடுப்பு, சாம்பல் இல்லாத ஊராகிவிட்டோம் என்று அன்றுதான் தெரிந்தது, ஆகவே கூரை இறவாணத்தில் செருகியிருந்த ஓலை, உடைந்த நாற்காலி, தென்னம்பாளை, எது எரியுமோ அதை எரித்தோம், மழைக்குள் தெருவெல்லாம் புகை. சாம்பலைத் தண்ணீரில் ஊறவைத்து, வேட்டியில் வடிகட்டி, குடம் குடமாகச் சுமந்துபோய்ச் சுவரில் ஊற்றினோம், ஊற்றி ஊற்றித் துடைத்தோம், பழைய உப்பு கரைந்து வழிந்து வாய்க்காலுக்குப் போனது. எங்கள் கைகள் வெந்துபோன மாதிரி எரிந்தன. ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை.

பிறகு வெயிலுக்காகக் காத்திருந்தோம். கலைக்கோவனுக்கு எழுந்து உட்காரத் தெம்பில்லை, கண்ணைத் திறப்பதே அவனுக்கு ஒரு வேலையாக இருந்தது, மழை நிற்காமல் பெய்தது, தையல் அவன் உதட்டில் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு வைத்தாள். எங்களில் எத்தனை பேர் எத்தனை சாமிக்கு நேர்ந்துகொண்டோம் என்று கணக்கில்லை.

ஒரு மத்தியானம் மழை விட்டது. மேற்கே மேகம் கொஞ்சமாகக் கிழிந்தது, அந்தக் கிழிசல் எங்கள் தெருவை நோக்கி நகர்ந்துவந்தது, நாங்கள் எல்லோரும் கொல்லையில் கூடிவிட்டோம். அப்போதுதான் பூசாரி, நல்ல மனசோடுதான், "எதுக்கும் அக்காளே உக்காரட்டுமே, இந்தப் புள்ள உக்காந்து இன்னும் எக்குத்தப்பா எதாச்சும் ஆயிட்டா?" என்றார். கூட்டத்தில் நாலைந்து பேர் ஆமாம் என்றார்கள். வாசலில் கால் வைத்த தையல் நின்றுவிட்டாள்.

"தையல்தான்."

யார் பேசியது என்று எங்களுக்கு முதலில் தெரியவில்லை. அந்தக் குரலில் அப்படி ஒரு பேச்சை நாங்கள் கேட்டதே இல்லை.

"தையல்தான் உக்காரணும்" என்றான் கலைக்கோவன் கட்டிலிலிருந்து. "திரும்பினாலும் சரி, திரும்பாட்டியும் சரி. அவ இல்லாம எனக்கு எந்தப் பக்கமும் வேணாம்."

பூசாரி மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அஞ்சம்மாள் தையலை உள்ளே தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தி, யாரும் திறக்காதபடி அதில் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டாள், இந்தத் தடவை ஆடு கத்தியும் அவள் அசையவில்லை.

உள்ளே தையல் கட்டிலில் ஏறி அவனை ஒட்டி உட்கார்ந்து, அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, எந்தக் கையை வைப்பது என்று ஒரு கணம்கூட யோசிக்காமல் இடது கையை அவன் நெற்றியில் வைத்தாள். வெயில் ஓட்டின் வழியாக வந்தது, மெலிந்த வெயில், மழையில் கழுவின வெயில், ஆனாலும் வெயில். சுவர்கள் அதை வாங்கின, அவன்மேல் கொடுத்தன, மறுபடி வாங்கின. அவன் தூங்கிப்போனான். அவளுக்கும் கண் இருட்டிக்கொண்டு வந்தது. மேகம் மூடியது, ஓட்டின்மேல் முதல் தூறல் தட்டியது, அவன் ஒரு தடவை புரண்டு படுத்தான்.

கண்ணைத் திறந்தவன் திடுக்கிட்டு, ஆவணியிலிருந்து ஒரு சோற்றுப் பருக்கைகூட ஏந்தாத வலது கையை நீட்டி அவள் தோளைப் பிடித்தான்.

"தையலு, கையக் காட்டு."

"என்னங்க, என்ன ஆச்சு?"

"எந்தக் கையால என்னத் தொட்ட? காட்டு."

அவள் இடது கையை நீட்டினாள். அவன் அதை வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான், மணிக்கட்டில் இன்னும் ஆறாத வரிகளைத் தடவினான், அந்தக் கையை எடுத்துத் தன் முகத்தில் பொத்திக்கொண்டான்.

"நீ மாறல" என்றான். "அப்பாடா. சொவரு உன்னையும் திருப்பிருச்சோன்னு பயந்துட்டேன், நீ மாறல."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள், அவனும் அழுதான், வெளியே மழை பிடித்துக்கொண்டது, அதற்குள் நனைந்துகொண்டு நின்ற அஞ்சம்மாள் கதவைத் தட்டி, "அவன் மாறிட்டானாம்மா?" என்று கேட்டபோதுதான் அதைப் பார்க்க வேண்டும் என்பதே இரண்டு பேருக்கும் ஞாபகம் வந்தது.